வாக்குக் கேட்டு வருமுன்: குடியரசுக் கட்சித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்



2026 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல். குடியரசுக் கட்சியின் மாவட்டக் குழுக்களில் இருக்கும் தமிழர்கள், நிதி திரட்டும் விருந்துகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள், பொங்கல் விழா மேடையில் வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்துபவர்கள், துண்டறிக்கையோடு வீடு வீடாக வருபவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

வடக்கு வர்ஜீனியாவில் எனக்கு வாக்கு. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வாக்களித்திருக்கிறேன். ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டத்தில் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வை 2020இல் நீக்கியபோது நம் பெற்றோர் எவ்வளவு கொதித்தார்கள் என்பதும், அந்தக் கொதிப்பு பலரை உங்கள் பக்கம் கொண்டுவந்தது என்பதும் எனக்குத் தெரியும். வரி, சிறுதொழில், பள்ளிக்கூடம் எதைப் பற்றிப் பேசினாலும் உங்களோடு உட்கார்ந்து வாதாட நான் தயார். ஆனால் கட்சிக்காரர்களின் இன இழிவுப் பேச்சு பற்றிய கேள்வியை எடுத்தவுடன் உங்களில் பலர் பேச்சை முடித்துவிடுகிறீர்கள். "அது சும்மா ஜோக்குங்க, விடுங்க" என்கிறீர்கள். அதை விட முடியாத காரணத்தை எழுத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

1976 ஆகஸ்ட். கான்சஸ் சிட்டியில் குடியரசுக் கட்சி மாநாடு முடிந்து, ஜெரால்டு ஃபோர்டு வேட்பாளராகிவிட்டார். மாநாட்டிலிருந்து கிளம்பிய விமானத்தில் வேளாண் அமைச்சர் ஏர்ல் பட்ஸ் இருக்கிறார். பாடகர்கள் பேட் பூனும் சானி போனோவும் இருக்கிறார்கள். வாட்டர்கேட் புகழ் ஜான் டீனும் இருக்கிறார். பேட் பூன் அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: லிங்கனின் கட்சியான நம் கட்சியால் ஏன் கறுப்பின மக்களை அதிகம் ஈர்க்க முடியவில்லை? அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்வி அது. அமைச்சர் ஒரு ஜோக்கில் பதில் சொன்னார். கறுப்பின மக்களுக்கு வாழ்க்கையில் மூன்றே மூன்றுதான் வேண்டும் என்று தொடங்கும் அந்த ஆபாசத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றைய அமெரிக்க நாளேடுகளில் பெரும்பாலானவையே அதை அச்சிட மறுத்துவிட்டன.

ஜான் டீன் இதை 'ரோலிங் ஸ்டோன்' இதழில் எழுதும்போது அமைச்சரின் பெயரைச் சொல்லவில்லை. 'நியூ டைம்ஸ்' என்ற இன்னோர் இதழ் அமைச்சர்களின் பயணத் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தது. ஃபோர்டு முதலில் கண்டித்ததோடு விடப் பார்த்தார். அது போதவில்லை. அக்டோபர் 4 அன்று பட்ஸ் பதவி விலகினார். அடுத்த மாதம் ஃபோர்டு தோற்றார். ஓஹையோவில் அவருக்கும் ஜிம்மி கார்ட்டருக்கும் இருந்த வித்தியாசம் சுமார் 11,000 வாக்குகள். தோல்விக்கு அந்த ஜோக்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வாட்டர்கேட் இருந்தது, நிக்சனுக்குக் கொடுத்த மன்னிப்பு இருந்தது, விலைவாசி இருந்தது.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அந்த விமானத்துக்குள் நடந்ததை. கட்சி சிறுபான்மையினரை எப்படிச் சென்றடைவது என்ற கேள்வி எழுந்த அதே நிமிடத்தில், அதே இருக்கையில், அதே கேள்விக்கு விடையாக அந்த ஜோக் வந்தது. ஐசனோவருக்கு 1956இல் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 39 பேர் வாக்களித்தார்கள். 1960இல் நிக்சனுக்கு 32. குடிசார் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்டுவாட்டர் 1964இல் வேட்பாளரானதும் அது 6 ஆகச் சரிந்தது. ஒரு கட்சி தன் கையாலேயே அறுத்துக்கொண்ட உறவு அது. ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டவருக்கு, நாங்கள் மட்டும் இருக்கும்போது அவர்களைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொள்கிறோம் என்று அமைச்சரே காட்டிவிட்டார். ஆள் இருக்கும்போது ஒரு பேச்சு, ஆள் இல்லாதபோது ஒரு பேச்சு. இதில் எது கட்சியின் பேச்சு என்று கண்டுபிடிக்க வாக்காளருக்கு ஜான் டீன் தேவைப்பட்டார். இன்று அந்த அறைக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தப் பொறுப்பை உங்கள் தலையில் வைப்பது நியாயமா என்று கேட்பீர்கள். கட்சிக்கு இதில் ஒரு நல்ல பாரம்பரியமும் இருந்தது என்பதை நினைவூட்டத்தான் வைக்கிறேன். 1983 செப்டம்பர் 21 அன்று ரேகனின் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் வாட், நிலக்கரிக் குத்தகையை ஆராயும் குழுவின் உறுப்பினர்களைப் பற்றிப் பேசினார். ஒரு கறுப்பர், ஒரு பெண், இரண்டு யூதர்கள், ஒரு முடவர் என்று அடுக்கிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். பதினெட்டே நாளில் பதவி விலகினார். 2002 டிசம்பர் 5 அன்று, இனப் பிரிவினையை முழங்கி 1948இல் அதிபர் தேர்தலில் நின்ற ஸ்ட்ரோம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழாவில், அன்று அவர் வென்றிருந்தால் நாடு நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் கட்சியின் செனட் தலைவர் டிரென்ட் லாட் பேசினார். கலகலப்பான கொண்டாட்டத்தில் சொன்னது என்று முதலில் விளக்கம் வந்தது. அதிபர் ஜார்ஜ் புஷ் அதை ஏற்கவில்லை. ஒரு வாரத்தில் பிலடெல்பியா மேடையில் வெளிப்படையாகக் கண்டித்தார். டிசம்பர் 20 அன்று லாட் செனட் தலைமையிலிருந்து விலகினார். 2005இல் கட்சித் தலைவர் கென் மேல்மன், கறுப்பினத்தவரின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் மில்வாக்கி மாநாட்டுக்கே போய், இனப் பிளவில் அரசியல் லாபம் பார்த்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். வெள்ளை மாளிகை வளாகத்தில் தீபாவளி விளக்கேற்றும் வழக்கம் 2003இல் தொடங்கியதும் இதே புஷ் காலத்தில்தான். அந்த விளக்குக்கும் லாட்டின் விலகலுக்கும் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன். இரண்டாவது நடந்திருக்காவிட்டால் முதலாவதை நான் நம்பியிருக்கமாட்டேன்.

இனி நம் ஊர்க் கதை. 2006 ஆகஸ்ட் 11. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், கென்டக்கி எல்லையை ஒட்டிய பிரேக்ஸ் என்னும் இடத்தில் செனட்டர் ஜார்ஜ் ஆலனின் பிரசாரக் கூட்டம். எதிர்த்தரப்பு வேட்பாளர் ஜிம் வெப்பின் தொண்டரான எஸ். ஆர். சித்தார்த் என்ற இருபது வயது மாணவர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் வெள்ளையர் அல்லாதவர் அவர் ஒருவரே. ஆலன் அவரைச் சுட்டிக்காட்டி, குரங்கினம் ஒன்றின் பெயரான 'மக்காக்கா' என்று அழைத்தார். ஒருமுறையோடு நிறுத்தவில்லை. அமெரிக்காவுக்கு வருக, வர்ஜீனியாவின் உண்மையான உலகத்துக்கு வருக என்றார். கூட்டம் சிரித்தது. சித்தார்த் பிறந்து வளர்ந்தது வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டத்தில். ஆலன் பிறந்தது கலிஃபோர்னியாவில்.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் என்னை உறுத்துவது ஆலனின் குரலில் இருக்கும் உற்சாகம். கோபமே இல்லை. ஒரு விருந்தாளியை அறிமுகப்படுத்துவது போன்ற குதூகலம். ஏசுகிறவரிடம் திருப்பிப் பேசலாம். சிரிக்கிறவர்கள் நடுவில் இருபது வயதுப் பையன் என்ன செய்வான்? கேமராவைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தான், அதைச் செய்தான். ஆலன் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நவம்பரில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றார். செனட் பெரும்பான்மையும் அந்த ஒரு இடத்தோடு கைமாறியது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சித்தார்த் வளர்ந்த அதே மாவட்டத்தில், அதே பள்ளி வட்டாரங்களில் வளர்கிறார்கள். தேர்தல் வேலைக்குப் போகிறார்கள், உங்கள் கட்சிக்கும் போகிறார்கள். அவர்களைப் பார்த்து மேடையிலிருந்து ஒருவர் 'வருக' என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்து வைக்கச் சொல்கிறேன்.

கட்சிக்குள்ளேயே மேலே ஏறியவர்களுக்கும் இது விலக்கு அளிக்கவில்லை. 2010இல் தென் கரோலினா ஆளுநர் பதவிக்கு நிக்கி ஹேலி நின்றார். அவர் கட்சியைச் சேர்ந்த மாநில செனட்டர் ஜேக் நாட்ஸ், ஒரு மதுக்கடையிலிருந்து ஒளிபரப்பான நிகழ்ச்சியில் ஹேலியையும் ஒபாமாவையும் தலைப்பாகையை இழிவு செய்யும் வசைச்சொல்லால் குறிப்பிட்டார். பிறகு, விளையாட்டாகச் சொன்னது என்றார். அப்போது லெக்சிங்டன் மாவட்டக் குடியரசுக் கட்சிக் குழு ஒரு காரியம் செய்தது. கூடி, கண்டனத் தீர்மானம் போட்டு, அவரைப் பதவி விலகச் சொன்னது. அவர் விலகவில்லை. ஆனாலும் அந்தத் தீர்மானம் ஏட்டில் இருக்கிறது. மாவட்டக் குழு என்றால் உங்களைப் போன்றவர்கள்தானே? வாரநாள் இரவு, வேலை முடிந்து வந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கை தூக்குகிறவர்கள். உங்களால் முடியாது என்று சொல்லாதீர்கள்.

2012 தோல்விக்குப் பிறகு கட்சியின் தேசியக் குழு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மிட் ராம்னிக்கு ஹிஸ்பானியர்களில் நூற்றுக்கு 27 பேர், ஆசியர்களில் 26 பேர், கறுப்பினத்தவரில் 6 பேர் மட்டுமே வாக்களித்திருந்தார்கள். 2013 மார்ச் 18 அன்று தலைவர் ரைன்ஸ் பிரீபஸ் அதை வெளியிட்டு, சிறுபான்மையினரைச் சென்றடைய ஒரு கோடி டாலர் செலவிடுவோம் என்றார். நல்ல அறிக்கை. படித்துப் பார்த்தால் இன்றைக்கும் பொருந்தும். பத்தே நாள். மார்ச் 28 அன்று அலாஸ்காவின் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் டான் யங் ஒரு வானொலிப் பேட்டியில், தன் அப்பாவின் பண்ணையில் வேலை செய்த மெக்சிகோக்காரர்களை, ஆற்றைக் கடந்து திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்று இகழும் வசைப்பெயரால் குறிப்பிட்டார். அவைத் தலைவர் ஜான் போனர் உடனே கண்டித்தார், யங் மன்னிப்புக் கேட்டார். இருந்தாலும் அந்த ஒரு கோடி டாலரால் கட்டக்கூடிய அலுவலகங்களில் உட்கார்ந்து வேலை செய்யவேண்டிய இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை வீட்டு வாசலில் இதே கேள்வியை அவர்கள் எதிர்கொண்டிருப்பார்கள்!

இதே போல 2008 கிறிஸ்துமஸுக்கு, கட்சித் தலைவர் பதவிக்கு நின்ற சிப் சால்ட்ஸ்மன் தேசியக் குழுவினருக்குப் பரிசாக ஒரு குறுந்தகடு அனுப்பினார். ஒபாமாவைக் கறுப்பினத்தவருக்கான பழைய இழிசொல் கொண்டு பகடி செய்த பாட்டு அதில் இருந்தது. அப்போதைய தலைவர் மைக் டங்கன் அதிர்ச்சி தெரிவித்தார். சால்ட்ஸ்மன் போட்டியிலிருந்து விலகினார். 2009 ஜனவரி 30 அன்று, ஆறாவது சுற்று வாக்கெடுப்பில், மைக்கேல் ஸ்டீல் கட்சியின் முதல் கறுப்பினத் தலைவரானார். வெட்கப்படத் தெரிந்த கட்சியாக அன்றும் அது இருந்தது.

இப்போது என்ன நிலைமை?

2020 அக்டோபர் 16, ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் டிரம்ப் கூட்டம். செனட்டர் டேவிட் பெர்டியூ தன் சக செனட்டரின் பெயரை "கமலா-மாலா-மாலா" என்று இழுத்து, எதுவோ, எனக்குத் தெரியாது என்று முடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. வாய் குழறிவிட்டது என்றது அவருடைய பிரசாரக் குழு. சென்னைக்காரரான சியாமளா கோபாலன் தன் மகளுக்கு வைத்த பெயர் அது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஒரு கமலா அத்தையோ கமலாப் பாட்டியோ உண்டு. கமலா ஹாரிஸின் கொள்கைகள் எனக்குமே எல்லாம் ஏற்புடையவை அல்ல. நீங்கள் அவரைத் தோற்கடிக்க உழைத்ததில் குற்றமே இல்லை. ஆனால் நம் பிள்ளைகளின் பெயரை வகுப்பில் கூப்பிடத் திணறும் ஆசிரியர்கூட ஒருமுறை நின்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஒரு செனட்டர் மைக் பிடித்துச் செய்ததை நீங்கள் யாருமே கண்டித்து நான் கேட்கவில்லை.

2024இல் இது இன்னும் நெருங்கி வந்தது. மே மாதம் விவேக் ராமசாமியின் நிகழ்ச்சியிலேயே அவர் முகத்துக்கு நேராக, நீங்கள் இந்தியர் என்பதால் உங்களுக்கு வாக்களித்திருக்கமாட்டேன் என்றார் வலதுசாரி எழுத்தாளர் ஆன் கூல்டர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்து, கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டு, பிறகு ஓஹையோ ஆளுநர் பதவிக்கு முன்வந்தவர் ராமசாமி. அவர் அதை ஏற்கவில்லை, ஆனால் மனதில் பட்டதைச் சொல்லும் தைரியத்தை மதிப்பதாகச் சொன்னார். அது அவருடைய நிதானம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைக் கற்றுத்தர எனக்கு மனம் வரவில்லை. செப்டம்பரில் டிரம்ப் ஆதரவாளர் லாரா லூமர், ஹாரிஸ் வென்றால் வெள்ளை மாளிகையில் கறி மசாலா வாடை அடிக்கும் என்று எழுதினார். அப்போது டிரம்பின் தீவிர ஆதரவாளராக இருந்த மார்ஜரி டெய்லர் கிரீன்கூட அதை இனவெறி என்று கண்டித்தார். எழுதிய இரண்டாம் நாள் லூமர், விவாதத்துக்காகப் பிலடெல்பியா சென்ற டிரம்ப் விமானத்தில் இருந்தார். மறுபடியும் ஒரு விமானம். 1976இல் விமானத்தில் ஜோக் சொன்னவர் அமைச்சர் பதவியை இழந்தார்.

அக்டோபர் 27, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். டோனி ஹிஞ்ச்கிளிஃப் என்ற நகைச்சுவையாளர் டிரம்ப் கூட்டத்தின் மேடையிலேயே போர்ட்டோ ரிக்கோவை மிதக்கும் குப்பைத் தீவு என்றார். அந்த ஜோக் எங்கள் கருத்து அல்ல என்று பிரசாரக் குழு ஒரு வரியில் ஒதுங்கிக்கொண்டது. இந்த இடத்தில் உங்கள் வலுவான வாதம் வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்பதே நாளில் நடந்த தேர்தலில், வாக்குச்சாவடிக் கணிப்புப்படி ஹிஸ்பானியர்களில் 46 விழுக்காட்டினர் டிரம்புக்கு வாக்களித்தார்கள். இந்திய அமெரிக்கர்களிடமும் அப்படித்தான். கார்னகி ஆய்வுகளின்படி 2020இல் டிரம்பை ஆதரித்தவர்கள் 22 விழுக்காடு, 2024இல் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஜோக் யாரையும் விரட்டவில்லையே, மக்களுக்கு முட்டை விலைதான் கவலை என்பீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன். முட்டை விலைக்காக வந்த வாக்கு அது. அப்படி வந்தவர்கள் கட்சியைத் தங்கள் வீடாக நினைத்து வந்தார்களா என்பதுதான் கேள்வி. மறு ஆண்டே, 2025 நவம்பரில், ஹிஸ்பானியர்கள் நிறைந்த நியூ ஜெர்சியின் பசேய்க் மாவட்டம், டிரம்ப் வென்ற மாவட்டம், ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரிலுக்குக் கணிசமான வித்தியாசத்தில் போனது. குடியேறிகள் மீதான கெடுபிடியும் விலைவாசியும் காரணங்கள். கடினமான காலத்தில் ஒருவர் கட்சியோடு ஒட்டிக்கொண்டிருப்பது, இவர்கள் நம்மை மதிக்கிறார்கள் என்ற நம்பிக்கையால்தான். குப்பை என்று சொன்னதற்கு ஒரு வரி மறுப்போடு நிறுத்திக்கொண்டவர்கள் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கவே முயலவில்லை.

2025 பிப்ரவரியில் அரசுச் செயல்திறன் துறையின் இருபத்தைந்து வயது ஊழியர் ஒருவர், இந்தியர்மீது வெறுப்பை இயல்பாக்குவோம் என்ற பொருளில் முந்தைய ஆண்டு எழுதிய பதிவு வெளியாகி, வேலையை விட்டார். துணை அதிபர் வான்ஸ் அவரைத் திரும்ப எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். மன்னிப்பாவது கேட்கச் சொல்வீர்களா, நம் இருவர் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறேன் என்றார் இந்திய வம்சாவளி உறுப்பினர் ரோ கன்னா. வான்ஸ் அவரைத்தான் கடிந்துகொண்டார். ஆந்திரத் தாய் தந்தையரின் மகளை மணந்தவர் வான்ஸ். அவருடைய பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கன்னா கேட்டார்.

அக்டோபர் 14 அன்று 'பொலிட்டிகோ' வெளியிட்டதை நீங்கள் எல்லோரும் படித்திருக்கவேண்டும். நியூயார்க், கான்சஸ், அரிசோனா, வெர்மான்ட் மாநிலங்களின் இளம் குடியரசுக் கட்சி நிர்வாகிகள் டெலிகிராம் குழுவில் ஏழு மாதங்களுக்கு மேல் பேசிக்கொண்டது, 2,900 பக்கம். கறுப்பினத்தவரைக் குரங்குகள் என்றார்கள். விஷவாயு அறைகளை வைத்துச் சிரித்தார்கள். ஹிட்லரைப் புகழ்ந்தார்கள். ஒரு பெண் இந்தியரா என்ற பேச்சு வந்தபோது, அவள் அடிக்கடி குளிக்காதவள், அவ்வளவுதான் என்ற பொருளில் எழுதியவர் பதவியில் இருந்த மாநில செனட்டர். வான்ஸ் இதைப் பிள்ளைகள் செய்யும் அசட்டுத்தனம் என்றார், விடலைப் பையன்கள் இப்படித்தான் விவகாரமான ஜோக் சொல்வார்கள் என்றார். அந்த அமைப்பின் வயது வரம்பு 18 முதல் 40 வரை. சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் பிள்ளையா?

ஆனால் அதே வாரத்தில் கட்சியின் இன்னொரு முகமும் தெரிந்தது. வெர்மான்ட் ஆளுநர் ஃபில் ஸ்காட், குடியரசுக் கட்சிக்காரர், அந்தச் செனட்டரை விலகச் சொன்னார். விலகினார். நியூயார்க் மாநிலக் கட்சி தன் இளைஞர் அமைப்பையே நிறுத்திவைத்தது. கான்சஸ் அமைப்பும் செயலிழக்கச் செய்யப்பட்டது. துணை அதிபரே அசட்டை செய்த ஒன்றை மாநிலக் கிளைகள் அசட்டை செய்யவில்லை. இதில் நீங்கள் எந்தப் பக்கம்? அந்த வாரம் உங்களில் ஒருவராவது ஸ்காட்டுக்கு நன்றி சொல்லி எழுதினீர்களா?

ஜனநாயகக் கட்சி மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. 2004இல் ஹிலாரி கிளின்டன் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில் காந்தி செயின்ட் லூயிஸில் பெட்ரோல் பங்க் நடத்தியவர் என்று ஜோக்கடித்தார். 2006இல் ஜோ பைடன், இந்திய உச்சரிப்பு இல்லாமல் செவன்-இலெவன் கடைக்குள் போகமுடியாது என்றார். 2025இல் நம் வர்ஜீனியாவிலேயே, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜே ஜோன்ஸ் அனுப்பிய பழைய குறுஞ்செய்திகளில் குடியரசுக் கட்சித் தலைவர் ஒருவரைச் சுடுவது பற்றிய பேச்சு இருந்தது. அதைப் பூசி மெழுகியவர்கள் செய்ததும் தவறுதான். அந்தப் பக்கத்துத் தமிழர்களிடம் அதை நான் சொல்லாமல் இல்லை. வான்ஸ் டெலிகிராம் குழுவைப் பற்றிய கேள்விக்கு ஜோன்ஸைக் காட்டிப் பதில் சொன்னார். அவர்கள் வீட்டு அழுக்கு நம் வீட்டு அழுக்கை எப்படிக் கழுவும்?

இன்னொன்றும் இருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் அல்ல, நம் எல்லோருக்கும். கறி மசாலா ஜோக்குக்குக் கொதித்த நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் போர்ட்டோ ரிக்கோ ஜோக்குக்குச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. கறுப்பினத்தவரைப் பற்றி நம் வரவேற்பறைகளில் சர்வசாதாரணமாகப் பேசப்படுவது வெளியே கேட்டால் நாம் தலைநிமிர முடியாது. இந்தியாவுக்கு அமெரிக்கா ஆண்டுக்கு நூறு பேர் என்று ஒதுக்கீடு வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அதை மாற்றிய குடியேற்றச் சட்டத்தில் 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைசென்று, உயிர்கொடுத்து நடத்திய போராட்டம் திறந்துவிட்ட காலத்தில்தான் அந்தச் சட்டம் சாத்தியமானது. நாம் இங்கே வந்தது அந்த வழியாக. ஆகவே ஒரு தமிழர், கறுப்பினத்தவரை இழிவு செய்யும் ஜோக் நடக்கும் அறையில் உட்கார்ந்து, நம்மைச் சொல்லவில்லையே என்று காபி குடிப்பதை என்னால் ஏற்கமுடியாது. பட்ஸின் ஜோக்கில் நாம் இல்லை. ஆலனின் ஜோக்கில் இருந்தோம். இடையே முப்பது ஆண்டு, அவ்வளவுதான்.

கட்சியை விட்டு விலகுங்கள் என்று நான் கேட்கவில்லை. விலகினால் அந்த அறையில் யார் மிஞ்சுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்து செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன். உங்கள் மாவட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எந்த இனத்தவரையும் இழிவு செய்யும் பேச்சைக் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் பேசினால், விளையாட்டு என்ற விளக்கம் ஏற்கப்படாது, பொறுப்பு பறிக்கப்படும் என்று இரண்டு வரி போதும். லெக்சிங்டனில் முடிந்தது உங்களாலும் முடியும். தோற்றாலும் பரவாயில்லை, எத்தனை கை உயர்ந்தது என்று எண்ணி எங்களுக்குச் சொல்லுங்கள். நிதி விருந்துக்கு வரும் வேட்பாளரிடம், காசோலை கைமாறுவதற்கு முன், 2025 அக்டோபரில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால், இப்போது சொல்லச் சொல்லுங்கள். ஜோக் நடந்த அன்றே, கட்சித் தலைமை வாய் திறக்கும்வரை காத்திருக்காமல், உங்கள் பெயரைப் போட்டுக் கண்டியுங்கள். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், நம் பிள்ளைகள் படிக்கவேண்டும்.

இதில் ஒன்றையாவது செய்துவிட்டு எங்கள் தெருவுக்கு வாருங்கள். தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி பற்றியும் வரி பற்றியும் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
வடக்கு வர்ஜீனியாவிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்